இடது பக்கத்து ஒட்டு

திண்டிவனம்
20-1-1938

மச்சான் தாண்டவராயனுக்குப் பாண்டுரங்கன் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா கோவிந்தம்மாளும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். உன் சுகத்துக்கும், நீ கிடங்குல காவல் காக்கற கூடாரக் கித்தான்களோட சுகத்துக்கும் எழுதவும்.

சேதி என்னன்னா, அண்ணன் தம்பிங்களோட ஒரே அடுப்புல பொங்கித் தின்னது போதும்னு நாங்க தனியா வந்துட்டோம். சண்டை யாராலன்னு உன் அக்காவைக் கேட்டா என்னாலன்னு சொல்லுவா. என்னைக் கேட்டா அவளாலன்னு சொல்லுவேன். இப்ப ஒரு வாடகை ரூம்புல இருக்கோம். ரெண்டு பேர் படுத்தா மூணாவது ஆள் நிக்கணும்.

சோத்துக்கடை போடலாம்னு இருக்கேன். ஒரே எடத்துல இல்லை. மயிலம், திருவக்கரை, மேல்மலையனூருன்னு எங்க கூட்டம் கூடுதோ அங்க. கீத்துக் கொட்டாய் கட்டினா நாங்க கட்டி முடிக்கறதுக்குள்ள திருவிழா முடிஞ்சி சாமி உள்ள போயிடும். அதனால ஒரு டேரா வேணும். நீ வருஷக்கணக்கா டேராக்களோடவே குடித்தனம் பண்றவன். நல்லதா ஒண்ணு பொறுக்கிக் குடு. கடையும் அதுதான், நாங்க படுக்கறதும் அதுலதான்.

இன்னொரு சேதி. வல்லத்துல உங்கப்பா வீட்டுச் சுவரு விழுந்துட்டுது. ஆளுக்கு அடி இல்லை, இருமல்தான் ஜாஸ்தி. பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டாயில படுத்துக்கினு இருக்காரு. நீ ஒரு வார்த்தை எழுதினா சந்தோஷப்படுவாரு. எழுத மாட்டேன்னு தெரியும். சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
பாண்டுரங்கன்


விழுப்புரம்
6-2-1938

மாமா அவர்களுக்குத் தாண்டவராயன் வணக்கம். நான் சௌக்கியம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். கித்தான்களும் சௌக்கியம். அதுங்க ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கினு தனிக்குடித்தனம் போறதில்லை.

முத்துசாமி மேஸ்திரி கிடங்குல விக்கறதுக்கு ரெண்டு டேரா இருந்துது. ஒண்ணு பார்க்க வெள்ளை வெளேர்னு இருக்கும். நீங்க வந்திருந்தா அதைத்தான் கேட்டிருப்பீங்க. வெயில்ல தூக்கிப் பிடிச்சு உள்ள நின்னு பார்த்தேன், சல்லடை. நெருக்கம் இல்லாத நெசவுக்குக் கஞ்சி போட்டு மறைச்சிருக்கான். மூலையில மூக்கை வெச்சா பூசண நாத்தம். வேணாம்னுட்டேன்.

இன்னொண்ணு பழசு. சர்வேகாரங்க காம்ப்புல ஓடினது, செம்மண் நிறமா ஆயிட்டுது. ஆனா நூல் முறுக்கா இருக்குது. நகத்தால கீறிப் பார்த்தேன், இழை நகரலை. தையல் எல்லாம் ரெட்டைத் தையல். மண் படற அடி ஓரத்துக்குத் தனிப் பட்டை வெச்சிருக்கு, அது மக்கினா அதை மட்டும் மாத்திக்கலாம். அதையே எடுத்து வெச்சிட்டேன். இடது பக்கத்துச் சரிவுல கை அகலத்துக்கு ஒரு கிழிசல். நானே மெழுகு நூல்ல ஒட்டுப் போட்டேன். நீங்க டேராவைக் கட்டினதும் அந்த எடத்துல தண்ணி ஊத்திக் காய வைங்க, ரெண்டு மூணு வாட்டி. நூல் உப்பி ஊசி ஓட்டையை அடைச்சுக்கும்.

இதைக் குடுக்கறதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எங்கப்பா அதுக்குள்ள தலை வெக்கக் கூடாது. எங்கம்மா ஜுரத்துல கெடந்தப்ப, கூரையை மாத்துங்கன்னு அந்த ஐப்பசி பூரா அவர்கிட்ட சொன்னேன். மாட்டை வித்துட்டு வந்து மாத்தறேன்னு சந்தைக்குப் போயிட்டாரு. அவ மேல சொட்டுச் சொட்டா ஒழுகிச்சி. நான் சட்டியை மாத்தி மாத்தி வெச்சிக்கினு இருந்தேன். அவர் திரும்பி வந்தப்ப அம்மாவை எரிச்ச எடத்துல சூடுகூட இல்லை. அவருக்குச் சோறு போடுங்க, துணி வாங்கிக் குடுங்க, நான் கேக்கலை. ஒழுகாத கூரை என் கையால அவருக்குக் கிடையாது.

சம்மதம்னா எழுதுங்க, ரயில் பார்சல்ல போடறேன்.

தாண்டவராயன்


திண்டிவனம்
14-2-1938

மச்சானுக்கு. எல்லாரும் சுகம். சம்மதம். பார்சல் போடு.

பாண்டுரங்கன்


திண்டிவனம்
28-3-1938

மச்சான் தாண்டவராயனுக்கு ஆசீர்வாதம். இங்க மழை இல்லை, நோய் இல்லை. உன் அக்காவுக்குக் கையில எண்ணெய் தெளிச்சுக் கொப்புளம், இப்ப ஆறிட்டுது.

மயிலம் உத்திரத்துக்குக் கடை போட்டோம். நடுக்கம்பத்தை நாலு பேர் தூக்கினோம். டேரா மொத்தமா எங்க மேலயே விழுந்துட்டுது. உள்ளேருந்து வழி தேடிக்கினு கிடந்தோம். உன் அக்கா வெளிய நின்னு சிரிச்சாளே தவிர ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கலை. அப்புறம் காவடி எடுத்துக்கினு வந்த ஒரு ஆளு, பட்டாளத்துல இருந்தவராம், முதல்ல கயித்து முளையை அடி, அப்புறம் கம்பத்தைத் தூக்குன்னு சொல்லிக் குடுத்தாரு. ஏன் மச்சான், இதை நீ எழுதி இருக்கக் கூடாதா?

வியாபாரம் மோசமில்லை. கேப்பைக் களிக்கும் மல்லாட்டைக் கடலைத் தொகையலுக்கும் ஆளுங்க வரிசையில நின்னாங்க. இப்ப டேராவை ஊருக்கு வெளிய ஒரு புளியந்தோப்புல போட்டுக்கினு அதுலயே இருக்கோம். வாடகை ரூம்பை விட்டாச்சு. ஒட்டுல தண்ணி ஊத்திக் காய வெச்சோம்.

உங்கப்பாவைப் பத்தி நீ கேக்கலை, நானும் எழுதலை.

பாண்டுரங்கன்


விழுப்புரம்
10-4-1938

மாமாவுக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம். எனக்கு ஒரு வாரமாகப் பல்வலி, மத்தபடி குறை இல்லை. கொப்புளத் தழும்புக்கு வாழைப்பட்டைச் சாறு போடவும்.

முளையை முதல்ல அடிக்கணும்னு எழுத வேணாம்னு நினைச்சேன். சோறு தின்னறதுக்கு முன்னாடி இலை போடணும்னு யாராவது எழுதுவாங்களா? சரி, இனிமே எல்லாத்தையும் எழுதிடறேன்.

அடுப்பு டேராவுக்கு வெளியதான் இருக்கணும், காத்து போற பக்கமா. மழை வர்ற மாதிரி இருந்தா கயித்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்க. பருத்திக் கயிறு நனைஞ்சா சுருங்கும், முளையைப் பிடுங்கும், இல்லாட்டி துணியைக் கிழிக்கும். ஈரத்தோட மடிக்கவே கூடாது. அவசரமா ஊர் மாறணும்னாலும் சரி, காயட்டும்னு உக்காந்திருங்க. ஈரத்தோட மடிச்சா நாலே நாள்ல கருப்புப் புள்ளி விழும், அப்புறம் அந்தத் துணியைக் கடவுள் வந்தாலும் காப்பாத்த முடியாது.

முக்கியமா ஒண்ணு. அக்காவுக்குத் துணியைக் கண்டா துவைக்கணும். டேராவைத் துவைக்கக் கூடாது. சோப்பு, சோடா, உவர்மண்ணு எதுவும் மேல படக் கூடாது. தண்ணி ஒட்டாம இருக்கறதுக்கு ஏத்தின சத்து எல்லாம் போயிடும். அழுக்கானா காய வெச்சுக் குச்சியால தட்டுங்க, போதும்.

வேறு விசேஷம் இல்லை.

தாண்டவராயன்


திண்டிவனம்
18-8-1938

மச்சானுக்கு. ரொம்ப நாளா எழுதலைன்னு கோவிச்சுக்கிட வேணாம். ஆடி மாசம் பூரா அலைச்சல். நாங்க சௌக்கியம். உன் பல்லு இருக்குதா போச்சா?

நீ எழுதினபடியே எல்லாம் செஞ்சிக்கினு வர்றோம். மழை வந்தா நான் எழுந்து போய்க் கயித்தைத் தளர்த்தறதைப் பார்த்துட்டுப் பக்கத்துல இருக்கறவங்க என்னைப் பெரிய டேரா மேஸ்திரின்னு நினைச்சிக்கினு இருக்காங்க.

ஆனா ஒரே ஒரு எடத்துல ஒழுகுது. வேற எங்கயும் ஒரு சொட்டு இல்லை. இடது பக்கத்துச் சரிவுல, சரியா நீ போட்ட ஒட்டுல. மெழுகு நூலு, ரெட்டைத் தையலுன்னு எவ்வளவு பெருமை அடிச்சே! அதுக்குக் கீழ ஒரு கயித்துக் கட்டில் போட்டிருக்கோம், அதுல சொட்டிக்கினே இருக்குது. உன் அக்கா உன்னை விட்டுக் குடுக்காம, தம்பி தையல் அப்படி இருக்காதுங்கறா. நீயே சொல்லு.

பாண்டுரங்கன்


விழுப்புரம்
25-8-1938

மாமா அவர்களுக்கு. நான் நலம். பல்லு போச்சு. அக்காவுக்கு வணக்கம்.

என் ஒட்டு ஒழுகாது. கிடங்குல நான் போட்ட ஒட்டு நூத்துக்கணக்குல இருக்கும், ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. அங்க ஒழுகுதுன்னா உள்ளேருந்து யாரோ கை வெக்கறாங்க. பருத்திக் கித்தான் நனைஞ்சா நூல் உப்பித் தண்ணியை வெளியவே நிறுத்திடும். உள்பக்கமா ஒரு விரல் பட்டாப் போதும், அந்த எடத்துல தண்ணி உள்ள எறங்க ஆரம்பிச்சுடும். கையை எடுத்தாலும் நிக்காது, துணி காஞ்சாத்தான் நிக்கும். சரிவு அந்தப் பக்கம் தணிவா இருக்குது. கட்டில்ல படுத்தா கை எட்டும்.

அங்க யாரு படுக்கறது? யாரா இருந்தாலும் மழையில துணியைத் தொடாதேன்னு கண்டிச்சுச் சொல்லுங்க. இல்லாட்டி கட்டிலை நடுவுல இழுத்துப் போடுங்க. இதுக்கெல்லாம் ஒரு கடுதாசியா!

தாண்டவராயன்


திண்டிவனம்
9-9-1938

மச்சானுக்கு. சுகம், சுகம் அறிய ஆவல்.

நீ எழுதினதைப் படிச்சுக் காட்டிட்டேன். அங்க படுக்கறவரு கடைக்கு வந்து தங்கின ஒரு பெரியவரு. சொன்னா தலையை ஆட்டறாரு. மழை வந்தா மறுபடியும் கை அங்கதான் போகுது. கட்டிலை நடுவுல இழுத்தோம். அவரே எழுந்து திரும்ப இழுத்துக்கினு போயிட்டாரு. வயசானவங்ககிட்ட எவ்வளவு சொல்றது?

உன் ஒட்டு மேல தப்பு இல்லைன்னு ஒத்துக்கறேன். அதுவரைக்கும் உனக்குச் சந்தோஷம்தானே?

இந்தப் பக்கம் எப்பவாவது வர்ற வேலை உண்டா? சும்மாதான் கேட்டேன். உன் அக்கா கேக்கச் சொன்னா. ஜல்தியா வந்தா நல்லா இருக்கும்.

பாண்டுரங்கன்


விழுப்புரம்
11-11-1938

மாமா அவர்களுக்கு வணக்கம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களிடமிருந்து ரெண்டு மாசமாகச் சேதி இல்லை. நடுவுல நான் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை.

நேத்து பச்சைமுத்து வந்தான், எங்க கிடங்குக்கு மூங்கில் கொண்டுக்கினு வர்றவன். திண்டிவனத்துல ஏரிக்கரைப் பக்கம் வண்ணாரு வெள்ளாவியில ஒரு டேரா வெந்துக்கினு இருந்ததைப் பார்த்தானாம். இப்படியும் ஒரு பைத்தியக்காரன் இருப்பானான்னு சிரிச்சான். யாரோடதுன்னு கேட்டேன். சோத்துக்கடை பாண்டுரங்கனோடதுன்னான்.

என் வயிறு எரியுது மாமா. அவ்வளவு சொல்லி எழுதினேனே! சோப்புகூடப் படக் கூடாதுன்னு சொன்னதை உவர்மண்ணுல போட்டு அவிச்சிருக்கீங்க. அது இனிமே டேரா இல்லை, வேட்டி. ஐப்பசி கார்த்திகை மழையில எதுக்குக் கீழ உக்காருவீங்க? அக்காவை எங்க படுக்க வெப்பீங்க? நம்ம வீட்டுல ஒருத்தி ஒழுகற கூரைக்குக் கீழ கெடந்தது போதாதா?

அப்படித் துவைச்சே தீரணும்னா அதுல என்ன அழுக்கு ஒட்டிச்சு? அதை மட்டும் எழுதுங்க.

தாண்டவராயன்


திண்டிவனம்
20-11-1938

தம்பிக்கு அக்கா எழுதறது. நீ நல்லா இருக்கணும். நான் மூணாம் கிளாஸ் எழுத்து, பொறுமையாப் படி. உன் மாமா உனக்கு எழுத உக்காந்து உக்காந்து எழுந்துட்டாரு. அதனால நானே எழுதறேன்.

ஆடி மாசம் அப்பாவை வல்லத்துலேருந்து கூட்டிக்கினு வந்தோம். நீ வெச்ச நிபந்தனையை மீறினது நான்தான். உன் மாமாவைத் திட்டாதே. அப்பாவுக்கும் அது தெரியும், நானே சொன்னேன். வந்தவரு உள்ள வரவே மாட்டேன்னுட்டாரு. புளியமரத்தடியிலயே உக்காந்திருந்தாரு. மழை பிடிச்சப்ப நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கினு வந்து கட்டில்ல படுக்க வெச்சேன்.

மேல இருக்கற ஒட்டை யாரு போட்டதுன்னு கேட்டாரு. நீன்னு சொன்னேன். அன்னையிலேருந்து கை அதுலதான் இருந்துது. தையலைத் தடவிக்கினே இருப்பாரு. பையன் தையல் நெருக்கமா இருக்குதுடின்னு ஒரு நாள் சொன்னாரு. மழை பெய்யறப்பவும் எடுக்க மாட்டாரு. கையை எடுங்கப்பா, உங்க மேல ஒழுகுதுன்னு நான் கத்துவேன். ஒரு தடவைதான் பதில் சொன்னாரு.

"ஒழுகட்டும் விடுடி. உங்கம்மா மேல ஒழுகலியா?"

அதுக்கப்புறம் நான் சொல்றதை விட்டுட்டேன்.

புரட்டாசியில ரொம்ப முடியாமப் போச்சு. உனக்கு ஆள் அனுப்பறேன்னேன். வேணாம்னாரு. கூப்பிட்டு அவன் வரலைன்னா ஊரு அவனைப் பேசும், கூப்பிடலைன்னா உங்களைப் பேசும், உங்களையே பேசட்டும்னாரு. அந்தக் கட்டில்லதான் போனாரு. உன் மாமா கொள்ளி வெச்சாரு. ஊரு எங்களைப் பேசிச்சு.

பொணம் கெடந்த துணிக்கு அடியில சோறு போட்டா யாரு வந்து சாப்பிடுவாங்க? கருமாதி முடிஞ்சதும் தீட்டுத் துணியை எல்லாம் வண்ணாருக்குப் போட்டோம். டேராவும் துணிதானேன்னு அதோட போட்டுட்டோம். நீ கூடாதுன்னு எழுதினது எனக்கு ஞாபகம் இருந்துது. உன்னைக் கேக்கலாம்னா ஏன்னு கேப்பே.

என்ன அழுக்குன்னு கேட்டிருந்தே. அப்பாதான்டா. இனிமே அப்படி எழுதாதே, எனக்குத் தாங்கலை.

வேளைக்குச் சாப்பிடு.

கோவிந்தம்மாள்


விழுப்புரம்
27-11-1938

அக்காவுக்கு. கடுதாசி கிடைச்சுது. கிணத்தடிக்குப் போய்த் தலை முழுகினேன். கிடங்குக்குப் போகலை. மேஸ்திரி ஆள் அனுப்பினாரு, ஜுரம்னு சொல்லிட்டேன்.

டேராவைச் சரி பண்ணலாம். படிகாரம் நிறைய வாங்கி வைங்க. சோப்புக் கட்டியும் வாங்குங்க. சோப்பு கூடாதுன்ன நானே சோப்பு கேக்கறேன்னு மாமா சிரிப்பாரு, சிரிக்கட்டும். சோப்புத் தண்ணியில நனைச்சுக் காய வெச்சு, அப்புறம் படிகாரத் தண்ணியில நனைச்சா ரெண்டும் சேர்ந்து நூல்ல பிடிச்சுக்கும், தண்ணி ஒட்டாது. தையல் மேல தேய்க்க மெழுகு நான் கொண்டு வர்றேன். வர்ற புதன்கிழமை வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் செய்ய வேணாம்.

வண்ணாரு அடிச்ச அடியில ஒட்டு விட்டிருந்தா அதைப் பிச்சுப் போட்டுடாதீங்க.

கட்டிலை என்ன பண்ணீங்க? செத்தவங்க படுத்ததுன்னு யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டீங்களா? குடுத்திருந்தா கேட்டு வாங்கி வைங்க.

தாண்டவராயன்


திண்டிவனம்
15-12-1938

மச்சான் தாண்டவராயனுக்குப் பாண்டுரங்கன் எழுதிக்கொண்டது. உன் அக்கா சுகம். எனக்கு முதுகுவலி, நீ என்னை டேராவைப் பிழியச் சொன்னதால வந்தது. நீ பத்திரமாப் போய்ச் சேர்ந்ததுக்கு எழுதவும்.

நீ கிளம்பின அன்னிக்கு மத்தியானம் பெய்ஞ்ச மழைக்கு அப்புறம் இன்னும் ரெண்டு மழை ஆச்சு. டேரா கெட்டி. கடைக்கு வந்தவங்க எல்லாரும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாங்க, ஒரு சொட்டு விழலை. வெள்ளாவியில போட்ட துணியைப் பொழைக்க வெச்சவன்னு உன்னைப் பத்திப் பேச்சு. நீ இங்க இருந்த வரைக்கும் உங்கப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. எரிச்ச எடத்துக்குப் போகலாம்னு கூப்பிட்டேன், வேலை இருக்குதுன்னுட்டே. உனக்கு மனசே இல்லையான்னு அன்னிக்குக் காலையில நான் நினைச்சது நிஜம்.

மத்தியானம் மழை பிடிச்சதும் தலைவலின்னு சொல்லிட்டுப் போய் அந்தக் கட்டில்ல படுத்துக்கினே. நாங்க கடையைப் பார்த்துக்கினு இருந்தோம். மழை விட்டதும் நீ எழுந்து ரயிலுக்குப் போயிட்டே. அப்புறமா உன் அக்கா பாயை எடுக்கப் போனா. தலையணை மட்டும் நனைஞ்சிருந்தா நான் வேற விதமா நினைச்சிருப்பேன். பாயி, கட்டில் கயிறு, கீழ இருக்கற மண்ணு எல்லாம் ஈரம். மேல பார்த்தா ஒட்டு கருப்பா நனைஞ்சு நின்னுது, அப்பவும் சொட்டிக்கினு இருந்துது. அவ கட்டில் ஓரத்துல உக்காந்து அழுதா.

உள்ளேருந்து யாரு கை வெச்சதுன்னு நான் கேக்க மாட்டேன். வெக்கக் கூடாதுன்னு எங்களுக்குக் கடுதாசி எழுதின ஆளைப் போய்க் கேக்கறது மரியாதையும் இல்லை. பாயையும் கட்டிலையும் வெயில்ல காய வெச்சுத் திரும்ப அதே எடத்துல போட்டிருக்கோம். நடுவுல இழுக்கலை.

பொங்கலுக்கு வா. வந்தா அதுலயே படுத்துக்கோ.

பாண்டுரங்கன்